இரண்டு குறுஞ்செய்திகளும் ஒரு பிளந்த குச்சியும்

போன வருடம் ஜூன் மாதம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டு நகையைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தேன். எங்கள் வீட்டு நகைகள் வீட்டில் இருந்ததைவிட வங்கிப் பெட்டகத்தில் இருந்த நாள்தான் அதிகம், அதனால் இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் ஒரு தேய் தேய்த்தார். ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார். தராசில் வைத்து, அட்டிகையில் இருந்த கல்லுக்கு எடை கழித்தார். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு சீட்டை அதில் கோத்து, அதே எண் போட்ட இன்னொரு சீட்டை என் கையில் கொடுத்தார். பை உள்ளே போயிற்று. கவுன்டரில் இருந்த பெண் கணினியில் ஏதோ தட்டினார். என் சட்டைப் பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது.

முதல் குறுஞ்செய்தி, கடன் கணக்கில் 2,80,000 ரூபாய் பற்று என்றது. இரண்டாவது, சேமிப்புக் கணக்கில் 2,80,000 ரூபாய் வரவு என்றது. ஒரே நிமிடம், ஒரே தொகை. அதே கிளையில் எனக்கு ஒரு சின்ன வைப்புத்தொகையும் உண்டு. பழக்கதோஷத்தில் அதையும் எட்டிப் பார்த்தேன். இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

மேலாளர் தெரிந்தவர், என்னைவிட இருபது வயது இளையவர். "இந்தப் பணம் எங்கேருந்து சார் வந்தது?" என்று கேட்டேன். "டெபாசிட் போட்டவங்க பணம்தான் சார். அதைத்தானே கடனா கொடுக்கிறோம்" என்றார். "அப்ப அவங்க கணக்குல குறையணுமே?" அவர் சிரித்துவிட்டார். "அதெப்படி சார் குறையும்?" அதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வீடு வரை வந்தது. யார் கணக்கிலும் குறையாமல் என் கணக்கில் கூடியது என்றால், கூடியது என்ன?

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொண்டேன். நூறு பேர் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வரப்போவதில்லை என்ற தைரியத்தில், காவலுக்கு இருப்பவர் ஐம்பது ஜோடியை வெளியே வாடகைக்கு விடுகிறார். மேலாளர் சொன்னது இந்தக் கதைதான். பிறகு படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல்: லண்டன் பொருளாதாரப் பள்ளியின் எட்வின் கேனன் 1921-ல் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது பைகளைப் பத்திரமாக வைக்கும் அறை. அங்கே இருப்பவர் பைகளை எடுத்து வாடகைக்குக் கொடுத்தால் பைகள் பெருகிவிட்டதாக யாராவது சொல்வார்களா, வங்கி பணத்தை உண்டாக்குகிறது என்பதும் அப்படிப்பட்ட பேச்சுதான் என்று அவர் சீறினார். அவர் சீறியதற்குக் காரணம் இருந்தது. ஹார்ட்லி விதர்ஸ் என்ற நிதிப் பத்திரிகையாளர் 1909-லேயே, வங்கிகளில் கிடக்கும் வைப்புத்தொகையில் பெரும்பகுதி யாரும் கொண்டுவந்து போட்ட பணம் அல்ல, கடன் கொடுத்ததால் உண்டானது என்று எழுதிவிட்டிருந்தார்.

கேனனின் கதையில் எனக்கு இடித்தது ஒரே இடம். செருப்பு டோக்கனைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. வங்கி டோக்கனை மாட்டிக்கொண்டு நடக்கலாம். என் சேமிப்புக் கணக்கில் வந்த எண்ணை நான் ரூபாய் நோட்டாக மாற்றவே இல்லை, அப்படியே கல்லூரிக்கு அனுப்பினேன். அவர்களும் அதை நோட்டாக மாற்றாமல் யாருக்கோ சம்பளமாக அனுப்பியிருப்பார்கள். டோக்கனே செருப்பாக ஊரெல்லாம் நடக்கிறபோது, உள்ளே எத்தனை ஜோடி இருக்கிறது என்ற கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

கொல்லைக் கதவருகே ஒரு சுவர்

எனக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு வந்ததற்கு அப்பத்தாவும் ஒரு காரணம். எழுபதுகளில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு இடப்பக்கச் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள் இருக்கும். தினமும் காலையில் பால் ஊற்றும் அக்கா, பாலை அளந்துவிட்டு, அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். ஒரு கோடு ஒரு உழக்கு. விருந்தாளி வந்த நாளில் இரண்டு கோடு. பால் வாங்காத நாளுக்கு வட்டம். அப்பத்தாவுக்கும் எழுத்து தெரியாது, அந்த அக்காவுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் இருவரும் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எண்ணுவார்கள்.

எண்ணி முடித்ததும் காசு கைமாறும் என்று நினைக்காதீர்கள். அப்பத்தா அந்த அக்காவின் மாட்டுக்கு வைக்கோல் கொடுத்திருப்பார், தவிடு கொடுத்திருப்பார், கழனித்தண்ணீருக்கு மட்டும் கணக்கு கிடையாது. அக்காவின் மகள் எங்கள் வீட்டில் நெல் அவித்ததற்குக் கூலி நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சுவது சில்லறைதான், சில மாதம் அதுவும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்னால் மட்டும் கட்டாயமாகக் கணக்கு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு எல்லாவற்றையும் முழுங்கிவிடும். ஒரு வருடம் முழுங்கியும்விட்டது. வெள்ளையடிப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னாலேயே வந்து அந்தச் சுவரிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏ புள்ள, எத்தனை நின்னுச்சு?" என்று அப்பத்தா கேட்க, "நாப்பது இருக்கும் ஆத்தா" என்று அவர் சொல்ல, "முப்பத்தாறுதான்" என்று இவர் சொல்ல, கடைசியில் முப்பத்தெட்டில் நின்றது. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சுவரில் கோடு இல்லாமல் போனாலும் கடன் போகவில்லை என்பது ஆச்சரியமாக இருந்தது.

அதே வயதில் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் வேறு. முதலில் பண்டமாற்று இருந்தது, நெல்லுக்கு உப்பு, ஆட்டுக்குத் துணி, அது சிரமமாக இருந்தது, அதனால் எல்லாரும் விரும்பும் ஒரு பொருளை, கடைசியில் தங்கம் வெள்ளியை, பணமாக வைத்துக்கொண்டார்கள். இந்தப் பாடம் ஆடம் ஸ்மித்திடமிருந்து வருகிறது, 1776. அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் ஒரு கிராமம்: அங்கே தொழிலாளி காசுக்குப் பதிலாக ஆணிகளை எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கும் மதுக்கடைக்கும் போவது உண்டாம். 'எனக்குச் சொன்னார்கள்' என்று ஸ்மித்தே ஒரு வார்த்தை போட்டுத்தான் வைத்திருக்கிறார், அவர் கவனமான ஆள்.

இந்த ஆணிக் கதையை நோண்டியவர் ஆல்பிரெட் மிட்செல்-இன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. எகிப்திலும் சயாமிலும் நிதி வேலை பார்த்துவிட்டு, வாஷிங்டன் தூதரகத்தில் இருந்தவர். பொருளாதாரப் பேராசிரியர் இல்லை, அதனால்தானோ என்னவோ தைரியம் இருந்தது. 1913-ல் நியூயார்க்கின் வங்கிச் சட்ட இதழ் ஒன்றில் பணம் என்பது என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஸ்மித்தின் நூலை 1805-ல் பதிப்பித்த வில்லியம் பிளேஃபேரின் அடிக்குறிப்பை அவர் எடுத்துக் காட்டினார். (பட்டை வரைபடத்தையும் வட்ட வரைபடத்தையும் கண்டுபிடித்த அதே பிளேஃபேர்தான்.) ஆணி அடிப்பவர்கள் ஏழைகள். ஆணியை வாங்கும் வியாபாரிதான் அவர்களுக்கு இரும்பு கொடுக்கிறார், வேலை முடியும்வரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கடனாகக் கொடுக்கிறார். அவர்கள் ஆணி கொண்டுபோவது அந்தக் கடனைத் தீர்க்க. அதாவது, வெள்ளைக்காரர் ஊரில் ஒரு கொல்லைச் சுவர். ஆணி அங்கே வைக்கோல், பணமாக இருந்தது கரிக்கோடு.

மிட்செல்-இன்ஸின் கட்டுரைக்கு 1914-ல் மதிப்புரை எழுதியவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். இந்திய ரூபாயைப் பற்றித் தன் முதல் நூலை அப்போதுதான் வெளியிட்டிருந்த இளைஞர். கட்டுரையின் எல்லா வாதத்தையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வரலாற்றுப் பக்கம் அவரை இழுத்தது. கொஞ்ச காலம் கழித்துப் பாபிலோனிய நாணயமும் எடையும் என்று வருடக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தார்.

குச்சி

மிட்செல்-இன்ஸ் காட்டிய சாட்சிகளில் என்னை உட்காரவைத்தது ஒரு மரக்குச்சி. இங்கிலாந்தின் அரசுக் கருவூலம், 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 1826 வரை, எழுநூறு வருடம், வரிக்கணக்கை இந்தக் குச்சியில்தான் வைத்திருந்தது. பெயர் டாலி. பெரும்பாலும் ஹேசல் என்ற மரத்தின் கிளை, சீவினால் நேராகப் பிளக்கக்கூடியது. தொகையை அதில் வெட்டாகப் பதிப்பார்கள். எந்தத் தொகைக்கு எவ்வளவு அகல வெட்டு என்று, 1170-களின் கடைசியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு நன்கு முற்றிய ஒரு பார்லி மணி. பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்கக்கூடக் கூடாது, கத்தியால் ஒரு கீறல் மட்டும். விரலும் தானியமும் வைத்து அளக்கும் இந்தக் கணக்கை அப்பத்தாவிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்.

வெட்டுப் போட்டு முடித்தபின் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இங்கேதான் சூட்சுமம். வெட்டு இரண்டு பாதியிலும் ஓடுகிறது. ஒரு பாதி, கைப்பிடியோடு இருக்கும் நீளமான துண்டு, செலுத்தியவரிடம். குட்டையான பாதி கருவூலத்தில். மரத்தின் ரேகை ஒவ்வொரு குச்சியிலும் வேறு. ஆகவே யாரும் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள முடியாது, வேறு குச்சியின் பாதியைக் கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. நீளமான பாதிக்கு ஸ்டாக் என்று பெயர். இன்றைய பங்குச்சந்தை ஸ்டாக்குக்கும் அதற்கும் உறவு உண்டு என்பார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கைபேசியைத் திறந்து அந்த இரண்டு குறுஞ்செய்திகளையும் மறுபடி பார்த்தேன். கடன் கணக்கில் 2,80,000. சேமிப்புக் கணக்கில் 2,80,000. இத்தனை நாளாக அந்தத் தொகை எங்கிருந்தோ *வந்தது* என்று நினைத்து, வந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் செய்தது ஒரு குச்சியில் வெட்டுப் போட்டுப் பிளந்ததுதான். ஒரு பாதியில் நான் வங்கிக்குக் கடன்காரன், மறு பாதியில் வங்கி எனக்குக் கடன்காரன். வெட்டு இரண்டிலும் ஒன்றுதான். பிளப்பதற்கு முன்னால் அந்த இரண்டு பாதியும் எங்கேயும் இல்லை. யார் கணக்கிலிருந்தும் குறையாததற்குக் காரணம் அதுதான், யாரிடமிருந்தும் எடுக்கவே இல்லை.

உள்ளே போன நகைப்பை? அதுதான் என்னை ஏமாற்றியது. தங்கம் உள்ளே போயிற்று, பணம் வெளியே வந்தது என்று கண் பார்க்கிறது. தங்கம்தான் பணமாக மாறியது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. தங்கம் அங்கே பிணை. நான் ஓடிப்போனால் ஏலம் போடுவதற்கு. சம்பளச் சான்றிதழைக் காட்டிக் கடன் வாங்கியிருந்தாலும் அதே இரண்டு குறுஞ்செய்திதான் வந்திருக்கும்.

தங்கத்தின் மேல் ஒரு கண்

இந்த மயக்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை. பெரிய மூளைகளுக்கெல்லாம் வந்திருக்கிறது. அரசருக்குக் காசுத் தட்டுப்பாடு வந்தபோது டாலிக் குச்சியையே செலவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்: இன்ன மாவட்டத்தில் வர வேண்டிய வரியிலிருந்து வசூலித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்த குச்சியை வாங்கியவர், காத்திருக்க முடியாவிட்டால் லண்டன் பொற்கொல்லர்களிடம் தள்ளுபடியில் விற்றார். அந்தப் பொற்கொல்லர்கள்தான் வங்கிக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். 1672 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் இப்போதைக்குத் தர முடியாது என்று கைவிரித்தபோது, பொற்கொல்லர்களுக்கு அவர் வைத்த பாக்கி சுமார் 13 லட்சம் பவுண்டு. பலர் எழுந்திருக்கவே இல்லை. 1694-ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கியதே அரசுக்கு 12 லட்சம் பவுண்டு, 8 சதவீத வட்டியில் கடன் கொடுக்கத்தான். மூன்றே வருடத்தில், 1697-ல், அந்த வங்கி மூலதனத்தைப் பெருக்கப் புதுப் பங்கு விற்றது. பங்குக்கு விலையாக என்ன கேட்டது தெரியுமா? ஐந்தில் நாலு பங்கு டாலிக் குச்சி, மீதி ஒரு பங்கு தன்னுடைய நோட்டையே. உலகத்தின் புகழ்பெற்ற வங்கியின் மூலதனத்தில் ஒரு கட்டு விறகு இருக்கிறது. தங்கம் என்று தேடினால் அந்தப் பரிவர்த்தனையில் ஒரு குன்றிமணி கிடைக்காது.

ஆனாலும் தங்கம் விடவில்லை. 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையில் ஒரு சிறு கூட்டம் வேல்ஸில் ஃபிஷ்கார்டு அருகே வந்து இறங்கியது. சேதி பரவ, ஆட்கள் வங்கி வாசலில் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு நின்றார்கள். அரசு தலையிட்டு, நோட்டுக்குத் தங்கம் தர வேண்டாம் என்று உத்தரவு போட்டது. தற்காலிகம் என்றார்கள், 1821 வரை நீண்டது. அந்த இருபத்துச் சொச்சம் வருடத்தில் நடந்த சண்டைதான் இன்றைய பணக் கொள்கைப் பேச்சுக்கெல்லாம் ஊற்று. விலை ஏறியதற்குக் காரணம் நோட்டை அதிகம் அச்சடித்ததுதான் என்று 1809-ல் டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் செய்தித்தாளில் எழுதினார். 1810-ல் நாடாளுமன்றக் குழுவும் அதையே சொன்னது. அதற்கும் முன்னால், 1802-லேயே, ஹென்றி தார்ன்டன் என்ற வங்கிக்காரர் எல்லாரையும்விட நிதானமாக, கடன் என்பதே நம்பிக்கையின் ஒரு வடிவம், அது சுருங்கும்போது மைய வங்கி கை கொடுக்க வேண்டும், விரியும்போது பிடித்து நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு ரிக்கார்டோவைவிட இவரைப் பிடிக்கும். ரிக்கார்டோ எழுதுவது கணக்கு வாத்தியார் மாதிரி, தார்ன்டன் எழுதுவது கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்தவர் மாதிரி.

வென்றது ரிக்கார்டோ வழி. 1844-ல் பிரதமர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டம், 1.4 கோடி பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் தங்கம் இருந்தே ஆக வேண்டும் என்றது. நோட்டைக் கட்டிப்போட்டால் பணத்தைக் கட்டிப்போட்டதாக நினைத்தார்கள். வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையும், அதன் மேல் எழுதப்படும் காசோலையும் அவர்கள் கண்ணில் பணமாகப் படவே இல்லை. தாமஸ் டூக் போன்றவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். வியாபாரிகள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, காசோலையை எழுதிக்கொண்டே போனார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. 1847, 1857, 1866 என்று மூன்று நெருக்கடியிலும் அந்தச் சட்டத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

கிஸ்தி

பணம் வெறும் கணக்குதான் என்றால் அதற்காக ஏன் இந்தப் பாடுபடுகிறோம்? அப்பத்தாவின் சுவர்க்கோடு பக்கத்துத் தெருவில் செல்லாது. டாலிக் குச்சி இங்கிலாந்து முழுக்கச் செல்லுபடியானது எப்படி? குச்சியின் மறுமுனையில் வரி இருந்ததால்தான். யாரோ ஒருவர் அரசருக்கு வரி கட்டியே ஆக வேண்டும், அரசர் இந்தக் குச்சியைத் திரும்ப வாங்கிக்கொள்வார், அது போதும். ஜெர்மனியின் கியார்க் ஃப்ரீட்ரிஷ் க்னாப் 1905-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்: உலோகம் எதுவாக இருந்தாலும், அரசு தன் கவுன்டரில் எதை வாங்கிக்கொள்கிறதோ அதுவே பணம்.

இதை நான் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பாலும் கூலியும் தவிடும் வைக்கோலும் காசில்லாமலே ஓடிக்கொண்டிருந்தன என்றேன். ஆனால் அறுவடை முடிந்தால் அப்பத்தாவுக்கு ஒரு பதற்றம் வரும். ஊரில் வரி வசூலிக்கும் மணியக்காரர் கிஸ்திக்கு, அதாவது நில வரிக்கு, ஆள் அனுப்புவார். கிஸ்தியை வைக்கோலில் கட்ட முடியாது, மணியக்காரர் சுவரில் கோடு போட்டுக்கொள்ள மாட்டார். ரூபாய்தான். ரூபாய்க்காக, விலை குறைவாக இருக்கும் அறுவடை நேரத்திலேயே நெல்லை விற்றாக வேண்டும். வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதே அதற்குத்தான். பிரிட்டிஷ் ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி என்று ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகப் பணமாக வரி வசூலிக்க ஆரம்பித்ததன் வால் அது. வரி பணமாகக் கேட்கப்பட்டதால் பணம் தேவைப்பட்டது, கையில் இல்லாதவர் வட்டிக்கடைக்குப் போனார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரர்கள் குடிசைக்கு வரி போட்டதும் இதே கணக்கில்தான்: வரி கட்டக் காசு வேண்டும், காசு வேண்டுமென்றால் தோட்டத்தில் கூலிக்கு வா.

அப்பத்தா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் கிஸ்தி ரசீதுகள் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி இருந்தன. வேறு எந்தக் காகிதத்தையும் அவர் வைத்திருந்ததில்லை. படிக்கத் தெரியாதவர் எதற்கு இதை இத்தனை வருடம் காப்பாற்றினார் என்று அப்போது புரியவில்லை. கருவூலத்தில் இருக்கும் பாதியோடு ஒட்டிப் பார்க்க வேண்டிய நாள் வந்தால் தன் பாதி கையில் இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருந்திருப்பார் போல.

லண்டனில் ஒரு போகி

குச்சிகளின் கதை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாலியை ஒழிக்க 1782-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த வேலையில் இருந்தவர்கள் பதவியில் இருக்கும்வரை தொடரட்டும் என்றிருந்ததால், 1826-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. (அரசு அலுவலகம் எங்கும் ஒன்றுதான்.) சேர்ந்து கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வது என்று யோசித்துக் கடைசியில் 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்திலேயே, பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரிக்க முடிவு செய்தார்கள். இரண்டு வண்டி விறகு. காலையிலிருந்து இரண்டு தொழிலாளிகள் அள்ளி அள்ளிப் போட்டார்கள். மாலையில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்த இருவருக்குப் புகையில் சுவரில் தொங்கிய சித்திரத்துணி தெரியவில்லை, காலணிக்குள் தரை சுட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குமேல் தீ வெளியே வந்தது. விடிவதற்குள் பழைய நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பல். ஓவியர் டர்னர் தேம்ஸ் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய் அதை வரைந்தார். அந்தப் பக்கத்து ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருக்கலாமே என்று சார்லஸ் டிக்கன்ஸ் 1855-ல் ஒரு கூட்டத்தில் கேலி செய்தார்.

குச்சியோடு சேர்ந்து அந்த நினைவும் எரிந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். அடுத்த பத்தே வருடத்தில்தான் பீல் சட்டம் வந்தது, பணம் என்றால் தங்கம், தங்கத்தின் நிழல் நோட்டு என்று. அப்புறம் விதர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது, மிட்செல்-இன்ஸ் சொல்ல வேண்டியிருந்தது, கேனன் மறுக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2014-ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தே தன் காலாண்டு இதழில் எழுதியது: வங்கி கடன் கொடுக்கும்போது அந்தக் கணத்தில் வைப்புத்தொகை உண்டாகிறது, மக்கள் சேமித்ததை எடுத்துக் கொடுப்பதில்லை. பிரிட்டனில் மக்கள் கையில் இருக்கும் பணத்தில் 97 சதவீதம் இப்படி வங்கிக் கணக்கில் இருக்கும் எண்தான், நோட்டும் நாணயமும் வெறும் 3 சதவீதம் என்றது. நம் ஊரில் ரொக்கத்தின் பங்கு இதைவிட அதிகம், ஆனால் வங்கி வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

அதற்காக என் மேலாளர் நினைத்தபோதெல்லாம் குச்சி பிளந்துகொண்டிருக்க முடியாது. நான் கல்லூரிக்கு அனுப்பியபோது அந்த எண் வேறு வங்கிக்குப் போயிற்று. அப்போது இந்த வங்கி, ரிசர்வ் வங்கியில் தனக்கு இருக்கும் கணக்கிலிருந்து அந்த வங்கிக்கு நிஜமாகவே நகர்த்திக் கொடுத்தாக வேண்டும். அங்கே அவர் டோக்கன் செல்லாது. டெபாசிட் பிடிக்க அவர் வீடு வீடாக அலைவது அதற்குத்தான். கடன் வராமல் போனால் வங்கியின் சொந்த முதல் கரையும். ஆகவே, "டெபாசிட் இல்லாம கடன் கொடுக்க முடியாது சார்" என்று அவர் சொல்வதில் அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு கிளைக்கு அது உண்மை, எல்லா வங்கியையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை இல்லை. இதை அவரிடம் சொல்லத்தான் பத்து மாதமாகக் காத்திருந்தேன்.

ஏப்ரலில் நகையைத் திருப்பப் போனேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புது மேலாளர் தலை நிமிரவில்லை, மார்ச் முடிந்த களைப்பு இன்னும் போகவில்லை. என் கணக்கிலிருந்து அசலும் வட்டியுமாக எடுத்தார்கள். கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. சேமிப்பில் பற்று, கடனில் வரவு, கடன் பாக்கி பூஜ்யம். அந்த 2,80,000 இப்போது எங்கே போயிற்று என்று கேட்க வாய் வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள், விட்டுவிட்டேன்.

மதிப்பீட்டாளர் மட்டும் அதே ஆள். துணிப்பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பையில் கோத்திருந்த சீட்டை அவிழ்த்தார், நான் கொடுத்த சீட்டை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே கிழியாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "வளையல் ரெண்டு, அட்டிகை ஒண்ணு, சரியா பாத்துக்கங்க சார்" என்றார்.